கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

மேட்டூர் நிரம்பிவிட்டது என்ற செய்தி வந்துவிட்டால் நாங்கள் வரும் பேருந்தில் ஒரே பேச்சுத்தான். முன் இருக்கையில் செய்தித்தாள் வைத்திருப்பவர் உரக்கப் படிப்பார். பின் இருக்கை வரைக்கும் பெருமூச்சு வந்து சேரும். "இவ்வளவு தண்ணியும் வீணாக் கடலுக்குப் போகுதே!" 2022-இல் கொள்ளிடம் கரைபுரண்டபோது பள்ளிக்குப் போகும் வழியில் இதைக் கேட்டேன். 2024-இல் கல்லூரியில் சேர்ந்த புதிதிலும் இதே சொல்லைக் கேட்டேன். நானும் அந்தப் பெருமூச்சில் கலந்துகொண்டவள்தான். மறைப்பானேன்?

இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. கடலை அடையும் ஆற்று நீர் வீணன்று என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது. எனக்குச் சாட்சி சொல்லப் பெரிய மனிதர் யாருமில்லை. விரல் நுனி அளவுள்ள மடவைக் குஞ்சுகள்தாம் இருக்கின்றன.

என் தந்தையார் முத்துப்பேட்டைக் காயலில் வத்தையில் சென்று மீன் பிடிப்பவர். அம்மா அதை அன்னக்கூடையில் சுமந்து விற்பவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்திதான். சென்ற ஆண்டு விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலின் புட்டிக்குள் வெளுத்துக் கிடந்த ஒரு மடவையைப் பார்த்தேன். அது எங்கள் வீட்டுப் பிள்ளை போன்றது. அதை அந்தக் கோலத்தில் காணப் பொறுக்கவில்லை. "சார், நான் உயிரோடேயே கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, தூக்குவாளியில் காயல் தண்ணீரோடு நாற்பது குஞ்சுகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ஆழ்குழாய்த் தண்ணீர் நிரப்பி, குஞ்சுகளை வடிகட்டி அதில் விட்டேன். தோழியர் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை முப்பத்தொரு குஞ்சுகள் செத்து மிதந்தன.

எங்கள் விரிவுரையாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. செத்தவற்றை ஒரு தட்டிலும் பிழைத்த ஒன்பதை ஒரு கிண்ணத்திலும் எடுத்து வைத்து, அளவுகோலைக் கையில் கொடுத்தார். செத்தவை அனைத்தும் சின்னஞ்சிறியவை. இரண்டு, மூன்று செண்டிமீட்டர் இருந்தன. பிழைத்த ஒன்பதும் நான்கு செண்டிமீட்டருக்கு மேல். "ஒரே தண்ணீர், ஒரே தொட்டி, ஒரே இரவு. அப்படியிருக்க இது ஏன்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். "ஏம்மா, கடத்தண்ணில பொறந்ததக் கொண்டுபோயி ஒரே முழுக்கா நல்லதண்ணில போட்டா அது என்ன பண்ணும்? ஆத்துத்தண்ணி எறங்க எறங்கத்தானே அது கொஞ்சங் கொஞ்சமா ஏறி வரும்" என்றார். பாடப் புத்தகத்தில் நான் பின்னர் தேடிப் படித்த பத்துப் பக்கங்களின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. ஆனாலும் 'ஏன்' என்ற கேள்விக்குப் புத்தகம்தான் விடை தந்தது.

கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. எலும்பு மீன்களின் இரத்தத்தில் இருக்கும் உப்போ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கடலில் நீந்தும் மீனுக்கு வெளியே உப்பு மிகுதி, உள்ளே குறைவு. சவ்வூடு பரவல் என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதன்படி மீனின் உடம்பிலிருக்கும் நீர் செவுள் வழியாக ஓயாமல் வெளியே கசிகிறது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அது தாகத்தால் சாக வேண்டிய உயிர். எனவே அது கடல்நீரையே குடிக்கிறது. இதை 1930-இல் அமெரிக்க அறிஞர் ஹோமர் ஸ்மித் மெய்ப்பித்தார். குடித்த உப்பை என்ன செய்கிறது? செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் அதை வெளியேற்றுகின்றன. கீஸ், வில்மர் என்ற இருவர் 1932-இல் விலாங்கு மீனின் செவுளில் இச்செல்களை அடையாளம் காட்டினர். குளோரைடு செல்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

ஆற்று நீரில் எல்லாமே தலைகீழ். வெளியே உப்பு இல்லை. தண்ணீர் மீனுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். ஆகவே மீன் தண்ணீர் குடிப்பதில்லை. புகுந்த நீரைச் சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக வெளியே தள்ளுகிறது. அதோடு கரைந்து போகும் சிறிதளவு உப்பையும் ஈடுசெய்யச் செவுள் வெளியிலுள்ள அற்ப உப்பைப் பொறுக்கி உள்ளே இழுக்கிறது. ஒரே செவுள் கடலில் உப்பைத் துரத்த வேண்டும். ஆற்றில் உப்பைச் சேகரிக்க வேண்டும். கடைத்தெருவில் விற்பவன் ஒரே நாளில் வாங்குபவனாக மாறுவது போன்ற காரியமன்று இது. பழைய செல்கள் போய்ப் புதியவை உருவாக வேண்டும். கடல் வாழ்வுக்குக் கார்ட்டிசால் என்ற உட்சுரப்பு நீரும், நன்னீர் வாழ்வுக்குப் பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டினும் இதற்கு ஆணையிடுகின்றன. நாள்கணக்கில் நடக்கும் வேலை.

வளர்ந்த மடவைக்கு இந்தத் திறமை முழுமையாக உண்டு. நன்னீரிலும் இருக்கும், கடலைவிடக் கரிக்கும் நீரிலும் இருக்கும். ஆனால் அது கடலில் பிறக்கும்போது இத்திறமையோடு பிறப்பதில்லை. பொரித்த புதிதில் அதற்குச் செவுளே சரியாக உருவாகியிருப்பதில்லை. உப்பை ஒழுங்குபடுத்தும் செல்கள் தோலின்மேல் பரவியிருக்கின்றன. உடலின் எடைக்கு அதன் மேற்பரப்பு மிக அதிகம் என்பதால் கசிவும் அதிகம். செவுளும் சிறுநீரகமும் முழு வேலைக்குத் தயாராவது ஏறக்குறைய நான்கு செண்டிமீட்டர் வளர்ந்த பிறகுதான். என் தட்டில் கிடந்த முப்பத்தொன்றுக்கும் கிண்ணத்தில் நீந்திய ஒன்பதுக்கும் இடையே இருந்த வேறுபாடு இதுவே. (முதல் பருவத்தில், தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ஒரே முழுக்காக விடப்பட்ட எனக்கு அந்த முப்பத்தொன்றின்மேல் கூடுதல் இரக்கம் வந்ததில் வியப்பில்லை.)

சாவது ஒருபுறம் இருக்கட்டும். பிழைத்தாலும் வளர வேண்டுமே! உப்பை இறைப்பது சும்மா நடப்பதன்று. செல்லின் சவ்வில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடமாற்றும் நொதி ஒன்று உண்டு; டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்கூ 1957-இல் அதை வெளியிட்டு, நாற்பது ஆண்டு கழித்து 1997-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த இறைப்பான் ஓடுவதற்கு ஆற்றல் வேண்டும். தின்ற தீனியில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும். எவ்வளவு பங்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பூஃப், பயான் என்ற பிரெஞ்சு அறிஞர்கள் 2001-இல் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்தெழுதினர். மீன் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு 20 முதல் 50 வரையும் அதற்கு மேலும் இதற்கே போகிறது என்று சில ஆய்வுகள் சொல்ல, பிற்கால ஆய்வுகளோ சுமார் 10 என்று சொல்கின்றன. ஆனால் ஒன்றில் தெளிவு உண்டு. பல மீன் இனங்களின் குஞ்சுகள் லிட்டருக்கு 8 முதல் 20 கிராம் வரை உப்புள்ள, நன்னீருமல்லாத கடலுமல்லாத, நடுத்தர நீரில் நன்றாக வளர்கின்றன. இறைக்கும் வேலை குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அந்த நீரில் அவை நன்றாகத் தின்கின்றன, தின்றதும் உடம்பில் ஒட்டுகிறது.

அந்த நடுத்தர நீர் எங்கே கிடைக்கும்? யாரும் கலக்கி ஊற்றித் தர வேண்டியதில்லை. ஆறு கடலைச் சேரும் இடத்தில், ஆற்று நீர் வந்தால், தானாகவே கிடைக்கும். மடவை, கொடுவா, பால்மீன் ஆகிய மூன்றும் கடலில் முட்டையிட்டுவிட்டுக் குஞ்சுகளைக் கழிமுகத்துக்கு அனுப்புவது இதற்காகத்தான். மார்கழியில் எங்கள் காயலுக்குள் மடவைக் குஞ்சு கூட்டங்கூட்டமாக வரும்போது, வடகிழக்குப் பருவமழையும் வயல் வடிகாலும் சேர்ந்து பாமணியாறு, கோரையாறு வழியாக இறங்கிக் காயலை இளக்கி வைத்திருக்கும். கடல் வாயில் கரிப்பு, நடுக்காயலில் பாதிக் கரிப்பு, ஆற்றுவாயில் சப்பென்ற நீர். குஞ்சு வளர வளரப் படிப்படியாக ஏறலாம். ஓர் ஏணி சாத்தி வைத்தது போல.

மழை பொய்த்து ஆறும் வறண்டால் ஏணியில் படிகள் இல்லை. கோடையில் எங்கள் காயல் கடலைவிடக் கரிக்கும். வெயில் நீரைக் குடிக்கும், உப்பு மிஞ்சும். குஞ்சு இன்னும் மிகுதியாகக் குடிக்க வேண்டும், இன்னும் மிகுதியாக இறைக்க வேண்டும். இதில் இன்னொரு கொடுமை, உப்பும் சூடும் ஏற ஏற நீரில் கரையும் உயிர்வளி குறைகிறது. அதே வெப்பத்திலுள்ள நன்னீரைவிடக் கடல்நீரில் உயிர்வளி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வேலை கூடுகிறது, மூச்சு குறைகிறது. அத்தகைய ஆண்டுகளில் வலையில் விழும் மடவையைப் பார்த்து அம்மா "தலைதான் இருக்கு, ஒடம்பு இல்ல" என்பார். விலையும் அப்படித்தான் போகும். என் பருவக் கட்டணம் கட்டும் தேதி அந்த விலையோடு பிணைந்தது என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆகவே நான் நடுநிலையாளர் என்று உரிமை கொண்டாடவில்லை.

இனி அந்த 'வீண்' என்ற சொல்லுக்கு வருகிறேன். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தந்த இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டது. அதில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலுக்குள் தப்பிப் போவதற்கு 4 டி.எம்.சி. 2018-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றியபோதும் இந்தப் பதினான்கைத் தொடவில்லை. ஒதுக்கினார்களே என்று நான் மகிழ்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கள், 'தப்பிப் போவது'! கட்டுக்காவலை மீறி ஓடிய கைதியைக் குறிக்கும் சொல் அன்றோ? ஆறு கடலுக்குப் போவது அதன் பிறவிக் குணம். மொத்த நீரில் நூற்றுக்கு இரண்டுகூட ஆகாத அந்தப் பங்கிலும் ஒரு பகுதியை ஓடிப்போனதாகக் கணக்கெழுதுகிறோம்.

நான் கேட்பது அதிக நீர்கூட அன்று; வேளை தவறாத நீர். ஆகஸ்டில் ஒரு வாரம் கொள்ளிடத்தில் இலட்சக்கணக்கான கன அடி பாய்வது எங்கள் காயலுக்கு வந்து சேருவதில்லை. அது வேறு வாய். எங்கள் காயலுக்குக் குஞ்சு வரும் மாதங்களில் சீராக ஒழுகும் நீர் வேண்டும். பருவம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் குளிர்நாட்டுச் சால்மன் மீன் நல்ல எடுத்துக்காட்டு. அது நம் மடவைக்கு நேர்மாறு. ஆற்றில் பிறந்து கடலுக்குப் போவது. இளவேனிலில் பகல் நீளும்போது அக்குஞ்சின் உடல் வரிகள் மறைந்து வெள்ளி நிறம் ஏறும், செவுள் கடலுக்குத் தயாராகும். அந்தச் சில வாரங்களுக்குள் அணையோ வேறு தடையோ அதை நிறுத்திவிட்டால், தயாரான செவுள் மீண்டும் நன்னீர்ச் செவுளாகத் திரும்பிவிடும். கதவு பிறகு திறந்தும் பயனில்லை. நம் காவிரியிலும் உல்லம் என்ற கடல் மீன் முட்டையிட ஏறி வந்த காலம் உண்டு. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் அது அருகிப் போயிற்று. 1975-இல் ஃபராக்கா அணை வந்தபின் கங்கையின் மேற்பகுதியிலும் இதே கதை. அணை கட்டியது தவறென்று நான் சொல்ல வரவில்லை. மேட்டூர் இல்லாவிட்டால் எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையும் காலிதான். போனது என்ன என்று கணக்கில் எழுதியாவது வைத்திருக்கலாம் என்கிறேன்.

என் வகுப்புத் தோழியின் தந்தையார் கடைமடை விவசாயி. அவரைப் பெரியப்பா என்றே அழைப்பேன். இக்கட்டுரையின் கருத்தை அவரிடம் சொன்னபோது, "உன் மீனுக்குத் தண்ணி விடுன்னா என் நாத்துக்கு யாரு விடுவா பாப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வயலை ஒட்டி ஒரு ஷட்டர் இருக்கிறது. உப்புநீர் ஏறாமல் காப்பது அதுதான். குஞ்சு ஏறாமல் தடுப்பதும் அதுதான். ஆறு ஓடினால் உப்பு தானே பின்வாங்கும், உங்கள் கிணறும் கரிக்காது, ஆகையால் நீங்களும் என் கட்சிதான் என்று வாதிட்டேன். அவர் பாதி ஒப்புக்கொண்டார். "ஓடினாத்தானே" என்றார். குஞ்சு வரும் நாட்களில் நீர் இறங்கும் வேளை பார்த்து ஷட்டரைச் சற்றே தூக்கி வைக்கலாமா என்று கேட்டதற்கு, ஒரு முறை உப்பு ஏறினால் மூன்று போகம் போகும் என்று மறுத்துவிட்டார். அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து காட்டியது நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை. வளர்ப்போருக்கு அது பெருந்துணை. ஆனால் காயலுக்கு அது மாற்றாகுமா? ஒரு குஞ்சு விடும் விழாவைப் பார்க்க நேர்ந்தது. எந்த ஊர், யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகள் வெயிலில் காத்திருந்தன. மேடையில் இரண்டு மணி நேரம் பேச்சு. பிறகு பைகளைக் கிழித்து அப்படியே தண்ணீரில் கொட்டினார்கள். பைத் தண்ணீரின் உப்பும் அங்குள்ள நீரின் உப்பும் ஒன்றா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என் கண்ணாடித் தொட்டி நினைவுக்கு வந்தது. எனக்காவது தெரியாமல் செய்த தவறு.

மாறாக, ஒடிசாவின் சிலிகா ஏரியைப் பாருங்கள். அங்கே கடல்வாய் தூர்ந்து, ஏரி நன்னீராகி, மீன்வளம் குன்றியது. 2000 செப்டம்பரில் புதிய வாய் ஒன்றை வெட்டித் திறந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,700 டன்னாக வீழ்ந்திருந்த மீன் பிடிப்பு அடுத்த சில ஆண்டுகளில் பத்தாயிரம் டன்னைத் தாண்டியது. அவர்கள் குஞ்சைக் கொண்டுவந்து கொட்டவில்லை. உப்பை ஒழுங்குபடுத்தினார்கள், குஞ்சு தானே வந்தது. அங்கே வேண்டியிருந்தது கடல், இங்கே வேண்டியிருப்பது ஆறு, அவ்வளவுதான் வேறுபாடு. எங்கள் காயலின் வாயும் தூர்ந்துதான் வருகிறது, அது தனிக் கதை. 2018-இல் கஜா அடித்து அலையாத்தி மரங்களை மொட்டையடித்த பிறகு அந்தக் கதையைப் பேசவே அப்பாவுக்கு மனம் வருவதில்லை.

இந்த ஆண்டு விரிவுரையாளர் அனுமதியோடு ஒரு சிறு காரியம் தொடங்கியிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் உவர்ப்பு அளக்கும் கருவி ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறுதோறும் காயலில் மூன்று இடங்களில் புட்டிகளில் நீர் எடுத்து வந்து திங்கட்கிழமை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறேன். குறிப்பேட்டில் இரண்டு பத்திகள். ஒன்றில் கருவி காட்டும் எண். மற்றதில், நீர் எடுக்கும்போது அப்பா நாக்கில் தொட்டுப் பார்த்துச் சொல்லும் சொல். அவரிடம் நான்கு சொற்கள் உண்டு: சப்புத் தண்ணி, கண்ணீர்க் கரிப்பு, கடக் கரிப்பு, உப்பளக் கரிப்பு. 'கண்ணீர்க் கரிப்பு' என்று அவர் சொன்ன நாளில் கருவி 11 காட்டியது. மீனின் இரத்தத்தில் உள்ள உப்பும் ஏறக்குறைய அதுதான். "குஞ்சு கொழுக்குற தண்ணி இது" என்று கருவியைப் பார்க்காமலே அவர் சொல்லிவிட்டார்.

கடலோர ஊர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வருவோர் இன்னும் பலர் இருக்கிறீர்கள். அதிராம்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துத் தோழர்களும் ஞாயிறன்று ஒரு புட்டி நீர் கொண்டு வந்தால் அளந்து தருகிறேன். புட்டியின் மேல் ஊரும் தேதியும் எழுதியிருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் நாக்கில் தொட்டுச் சொல்லும் சொல்லையும் தவறாமல் எழுதி வாருங்கள். அலமாரியில் இரண்டாம் தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.